எட்டு மணி மருந்தும் கம்ப்யூட்டரின் கடிகாரமும்

புது சாஃப்ட்வேர் என்றாலே நர்ஸ்களுக்கு ஒத்துவராது, கம்ப்யூட்டரைக் கண்டால் பயம், பழைய நோட்டை விட மனசு வராது என்று ஒரு பேச்சு எல்லா ஆஸ்பத்திரியிலும் ஓடும். மீட்டிங்கில் நாசூக்காகச் சொல்வார்கள், வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வார்டில் யாருக்கும் கம்ப்யூட்டர் பயம் கிடையாது. பேங்க் வேலை, பிள்ளையின் ஸ்கூல் மெசேஜ், டியூட்டி மாற்றிக்கொள்ளும் பேரம் எல்லாமே போனில்தான் நடக்கிறது. கேஸ் ஷீட்டும் ட்ரீட்மெண்ட் ஷீட்டும் போய் எல்லாம் ஸ்க்ரீனுக்கு வந்தபோது எங்களை உண்மையிலேயே ஆட்டிவைத்தது நேரம்தான்.

பேப்பரில் "காலை 8" என்று இருந்தால் அது காலை மருந்துச் சுற்று, அவ்வளவுதான். நைட் டியூட்டிக்காரர்களிடம் ஹேண்ட்ஓவர் வாங்கி, மோசமாக இருப்பவரை முதலில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் போகவேண்டியதைக் கொடுத்து, ஆபரேஷனுக்குப் போகிறவரைத் தயார் பண்ணி அனுப்பி, அப்புறம் படுக்கை படுக்கையாக நகர்வோம். கடைசிப் படுக்கைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது ஆகியிருக்கும். அந்தப் பேஷண்ட்டின் ஷீட்டிலும் 8 என்ற கட்டத்தில்தான் கையெழுத்து விழும். டாக்டருக்கும் தெரியும், இன்சார்ஜ் சிஸ்டருக்கும் தெரியும், யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததே இல்லை.

இப்போது பேஷண்ட் கையில் கட்டியிருக்கும் பட்டையை ஸ்கேன் செய்து, மருந்து உறையையும் ஸ்கேன் செய்தவுடனே கொடுத்த நேரம் நிமிடம் பிசகாமல் பதிவாகிவிடுகிறது. ஒரு நர்ஸ் பார்க்கும் அத்தனை பேருக்கும் அதே 8 மணி. எல்லார் பெயரும் ஒன்றாக மஞ்சளாகும், கொஞ்ச நேரம் போனால் மிச்சமிருக்கும் பெயரெல்லாம் ஒன்றாகச் சிவப்பாகும். இருப்பது ஒரு ஆள், இரண்டு கை. சிவப்பான பெயரைத் திறந்தால் "தாமதத்துக்குக் காரணம்?" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், எதையாவது தேர்ந்தெடுக்காமல் மேலே போக விடாது. அந்தப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறேன்.

இது எங்கள் வார்டுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. அமெரிக்காவில் மெடிகேர், மெடிகெய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அரசு அமைப்பு ஒரு காலத்தில் குறித்த நேரத்துக்கு முன்னே பின்னே 30 நிமிடத்துக்குள் மருந்து போய்ச் சேர வேண்டும் என்று விதி வைத்திருந்தது. 2010-ல் மருந்துப் பாதுகாப்புக்காக இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு இதைப் பற்றி நர்ஸ்களிடம் கேட்டபோது 17,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். இந்த 30 நிமிடத்துக்குள் அடங்குவதற்காகவே குறுக்குவழியில் போக வேண்டியிருக்கிறது, அதில்தான் ஆபத்தே வருகிறது என்று எழுதினார்கள். அடுத்த வருடமே விதி தளர்ந்தது. நேரம் தப்பினால் கெடுதல் வரும் மருந்துகளுக்குத்தான் 30 நிமிடக் கெடு, நாளைக்குப் பல தடவை கொடுக்கும் மற்ற மருந்துகளுக்கு முன்பின் ஒரு மணி நேரம், நாளைக்கு ஒரு தடவை கொடுப்பதற்கு முன்பின் இரண்டு மணி நேரம் என்று ஆனது. மருந்துத் தட்டைக் கையில் பிடித்தவர்கள் சொல்லி ஒரு விதி மாறியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தெம்பாக இருக்கும். ஆனால் எங்களுக்கு வந்த சாஃப்ட்வேரில் இன்சுலினுக்கும் விட்டமின் மாத்திரைக்கும் ஒரே கெடு, ஒரே சிவப்பு. இதை மாற்ற முடியாதா என்று கேட்டால் "அது செட்டிங்ஸ் சிஸ்டர், மேலே கேக்கணும்" என்பார்கள். மேலே என்றால் எங்கே என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.

கடிகாரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாடுகள் இருக்கின்றனவே, அமெரிக்கா மாதிரி இடங்களில் அந்த ராத்திரி ஒன்று முதல் இரண்டு வரை இரண்டு தடவை வரும். ஒன்றரைக்கு வைட்டல்ஸ் (பி.பி., நாடி, காய்ச்சல் மாதிரி அளவுகள்) எடுத்தீர்களா என்றால் எந்த ஒன்றரை? சில ஆஸ்பத்திரிகளில் இந்தக் குழப்பத்துக்குப் பயந்து அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பேப்பரில் எழுதிக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்து வாங்கிய சிஸ்டம் அந்த ஒரு மணி நேரம் மட்டும் பேனாவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. நைட் டியூட்டி பார்க்கிற யாருக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

சரி, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ட்ரெய்னிங் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏசி ரூம், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், திரையில் ஒரு பொய்ப் பேஷண்ட். அந்தப் பேஷண்ட் மாதிரி நல்லவர் உலகத்தில் இல்லை: வாந்தி எடுக்க மாட்டார், ட்ரிப்பைப் பிடுங்க மாட்டார், எந்த மருந்துக்கும் அலர்ஜி கிடையாது, சொந்தக்காரர் யாரும் வந்து டாக்டர் எப்போ வருவார் என்று கேட்க மாட்டார். அவருக்கு மருந்து கொடுக்கவும் டிஸ்சார்ஜ் போடவும் எல்லாரும் அழகாகக் கற்றுக்கொண்டோம். ஆனால் ட்ரெய்னிங் முடிந்து சிஸ்டம் நிஜமாகவே தொடங்குவதற்குள் தேதி தள்ளிக்கொண்டே போய், கற்றதில் பாதி மறந்தும் போனது. எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருவர், ஒற்றை விரலில்தான் டைப் அடிப்பார், அந்த ரூமில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, ஒரு பேஷண்ட்டுக்கு மூச்சுத் திணறுது, பக்கத்து பெட்டுல ப்ளட் ஏறிக்கிட்டிருக்கு, கால் மணிக்கு ஒரு தடவை பாத்து எழுதணும். ரெண்டு பேர் பக்கமும் ஒண்ணா திறந்திருக்குமா?" ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் திறக்க முடியும் என்றார் சொல்லிக்கொடுத்த தம்பி. தப்பான ஆளின் பக்கத்தில் எழுதிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்களாம். நியாயமான காரணம்தான். ஆனால் வார்டு ஒரு சமயத்தில் ஒருவரோடு நின்றுவிடுவதில்லையே.

தொடங்கின முதல் சில வாரம் கலர் கோட்டு போட்ட உதவியாளர்கள் வார்டு முழுக்க நின்றார்கள். எது கேட்டாலும் ஓடிவந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பகலில் மட்டும். ராத்திரிக்கு ஒரு போன் நம்பர். அந்த நம்பரில் பேசினவர் பொறுமைசாலி, ஆனால் அவர் ஸ்க்ரீனில் இருந்ததும் எங்கள் ஸ்க்ரீனில் இருந்ததும் வேறு வேறு வெர்ஷன். இதற்கு மேல் அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்த இடம் "முதல் டோஸ்". டாக்டர் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக்கை தினமும் ஒரு வேளை என்று ஆர்டர் போடுகிறார் என்று வையுங்கள். சிஸ்டத்தில் தினமும் ஒரு வேளை என்றால் காலை 8 என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. அதனால் முதல் டோஸ் மறுநாள் காலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போதே போடு என்றால் டாக்டர் அதற்குத் தனியாக ஒரு டிக் அடிக்க வேண்டும். பேப்பராக இருந்தால் அந்த ஆர்டரைப் பார்த்த எந்த நர்ஸும், காய்ச்சலில் கிடக்கும் ஆளுக்கு நாளைக் காலை வரைக்கும் காத்திருக்க மாட்டார், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடனே போட்டிருப்பார். ஸ்க்ரீனில் எல்லாம் பச்சையாக, ஒழுங்காக, "அடுத்த மருந்து நாளை 8:00" என்று நிற்கும். சிவப்பு இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று கண் பழகிவிட்ட பிறகு, பச்சையைச் சந்தேகப்படத் தனியாக ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். புது ஆர்டர் வந்தால் மருந்தின் பெயரைப் பார்க்கும் முன் முதல் டோஸ் எப்போது என்று பார்.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் ஆர்டர் முறை வந்ததற்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று 2005-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் இறந்தவர்கள், முன்பு 2.80 சதவீதம், பின்பு 6.57 சதவீதம். அதில் சொல்லியிருந்த காரணங்கள் எந்த நர்ஸுக்கும் உடனே புரியும். முன்பெல்லாம் குழந்தை வழியில் இருக்கும்போதே ஆர்டர் எழுதி, மருந்தைத் தயாராக வைத்துவிடுவார்கள். புது முறையில் குழந்தை உள்ளே வந்து ரெஜிஸ்டர் ஆன பிறகுதான் கம்ப்யூட்டர் ஆர்டரையே ஏற்றது. படுக்கைப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் கம்ப்யூட்டரிடம் நின்றார்கள். அடுத்த வருடம் சியாட்டிலில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து, அதே சிஸ்டத்தை வைத்தும் இறப்பு கூடவில்லை என்று ஆய்வு வந்தது. அவர்கள் அவசரத்துக்கு வேண்டிய ஆர்டர் தொகுப்புகளை முதலிலேயே தயார் பண்ணி வைத்திருந்தார்கள். அந்த முன்வேலையில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இவ்வளவு புலம்பிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம்: பழைய முறைக்குத் திரும்பிப் போகச் சொன்னால் நான் போக மாட்டேன். டாக்டர் கையெழுத்தை மூன்று பேர் கூடி உட்கார்ந்து படித்த காலம் ஒழிந்தது, அதற்கே ஒரு கும்பிடு. ஆர்டரைப் பார்த்து ட்ரீட்மெண்ட் ஷீட்டில் திரும்ப எழுதும் வேலை இல்லை, அந்தத் திரும்ப எழுதுவதில் நுழையும் தப்பும் இல்லை. பாஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்கோடு முறையை ஆராய்ந்து 2010-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். திரும்ப எழுதுவதில் 6.1 சதவீதமாக இருந்த தவறு அடியோடு இல்லாமல் போயிற்று. மருந்து கொடுப்பதில், நேரத்தைத் தவிர்த்த மற்றத் தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8-க்கு இறங்கின. அதே கட்டுரையில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. நேரத் தவறுகளும் 27.3 சதவீதம் குறைந்தன, ஆனால் நேரத் தவறால் வரக்கூடிய கெடுதல் குறிப்பிடும்படி குறையவில்லை. அந்த வரியைப் படித்தபோது எங்கள் சிவப்பெழுத்துகள்தான் கண்முன் வந்தன.

வைட்டல்ஸும் அப்படித்தான், ஒரு கை கொடுத்து ஒரு கை பிடுங்கியது. மூச்சு, ஆக்ஸிஜன், பி.பி., நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, பேஷண்ட் மோசமாகிறாரா என்று முன்கூட்டியே சொல்லும் நியூஸ் (NEWS) என்ற மதிப்பெண் முறையை இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்தது. 7 வந்தால் அவசரம், ஓடு என்று அர்த்தம். ராத்திரி மூன்று மணிக்கு மனசுக்குள் கூட்டல் போடுவதைவிட ஸ்க்ரீன் கூட்டுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் படுக்கைக் காலடியில் தொங்கிய அந்தப் பெரிய சார்ட், தாளில் ஏறி இறங்கிப் போகும் கோடு, வாசலில் இருந்தே தெரியும். இப்போது அதே கோட்டைப் பார்க்க லாக்இன், பேஷண்ட், ஃப்ளோஷீட், கிராஃப் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். ரவுண்ட்ஸில் டாக்டர் "நேத்தையிலிருந்து எப்படி இருக்கு?" என்று கேட்டால், முன்பு சார்ட்டைத் திருப்பிக் காட்டினேன், இப்போது தள்ளுவண்டிக் கம்ப்யூட்டரின் பேட்டரிக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

பார்கோடைப் பற்றி வெளியே பேசாத விஷயம் ஒன்று. கை வீங்கினவருக்குப் பட்டை சுருண்டு ஸ்கேன் ஆகாது. குளித்துவிட்டு வந்தவருடையது நனைந்து எழுத்து அழிந்திருக்கும். பச்சைக் குழந்தையின் கணுக்காலில் அது வளையும் வளைவுக்கு எந்த ஸ்கேனரும் படிக்காது. அப்போது என்ன நடக்கும்? இன்னொரு பட்டை பிரிண்ட் எடுத்துக் கட்டில் கம்பியிலோ ஃபைலிலோ ஒட்டி வைப்பார்கள், அதை ஸ்கேன் பண்ணுவார்கள். 2008-லேயே ராஸ் கொப்பல் என்ற ஆராய்ச்சியாளர் தன் குழுவோடு ஐந்து ஆஸ்பத்திரிகளில் பார்த்து, இப்படி 15 வகைக் குறுக்குவழிகளையும் அவற்றுக்கு 31 காரணங்களையும் கண்டுபிடித்து எழுதிவிட்டார். காரணங்களில் பல படிக்க முடியாத பட்டை, ஸ்கேன் ஆகாத மருந்து உறை, செத்துப்போன பேட்டரி, இணைப்பு விட்டுவிட்டு வரும் மூலைகள் இந்த ரகம். கம்பியில் ஒட்டின பட்டை ஆபத்துதான், நானே கண்டால் கிழித்துப் போடுவேன். ஆனால் கிழித்த கையோடு, படிக்கிற மாதிரிப் பட்டை யார் தரப் போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும், அதைக் கேட்கிற ஆள்தான் குறைவு.

பேஷண்ட்டுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. "சிஸ்டர், முன்னெல்லாம் மூஞ்சியப் பாத்து கேப்பீங்க, இப்ப அந்தப் பெட்டியையே பாத்து கேக்குறீங்க" என்று வயதான அம்மா ஒருவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அதற்கு அப்புறம் நான் வண்டியைப் படுக்கையின் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று யோசித்து நிறுத்துகிறேன். ஸ்க்ரீன் அவருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, "இதோ பாருங்க, இதுதான் உங்க சுகர்" என்று காட்டினால் பாதிச் சங்கடம் போய்விடுகிறது. இதை எந்த ட்ரெய்னிங்கிலும் சொல்லவில்லை.

கடைசியாக ரிப்போர்ட். சிஸ்டம் வந்து கொஞ்ச காலம் ஆனதும் "குறித்த நேரத்தில் கொடுத்த மருந்து சதவீதம்" என்று வார்டு வாரியாகப் பட்டியல் போட்டு மாட்டினார்கள். எங்கள் வார்டு கீழே இருந்தது. மேலே இருந்த வார்டில் வேலை பார்க்கும் தோழியிடம் எப்படி என்று கேட்டேன், சிரித்தார், அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு அடிப்பதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் பச்சையாக்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. இதில் பேப்பர் கால 8 மணியே திரும்பி வந்துவிட்டது, ஒரு வித்தியாசத்தோடு. பேப்பரில் அது தோராயம் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே நிமிடக் கணக்கில் துல்லியமாக இருப்பதால் நிஜம் என்று நம்பிவிடுவார்கள். மருந்து கொடுத்த நேரத்தை வைத்து அடுத்த டோஸையோ ரத்தப் பரிசோதனையையோ முடிவு செய்கிற டாக்டருக்கு அந்தப் பொய்த் துல்லியம் தோராயத்தைவிட மோசம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாதிரி மருந்துகளுக்கு ரத்தத்தில் அளவு பார்ப்பதே கொடுத்த நேரத்தை நம்பித்தான். சதவீதத்தைச் சுவரில் மாட்டினால் மருந்து சீக்கிரம் போகாது, பதிவுதான் சீக்கிரம் போகும்.

இப்போது அந்தப் பெட்டி. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் பட்டியலில் இருந்தவை: பேஷண்ட் மறுத்துவிட்டார், பேஷண்ட் படுக்கையில் இல்லை, மருந்து வரவில்லை, பேஷண்ட் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும், மற்றவை. வார்டில் தினமும் நடக்கும் காரணம் மட்டும் அதில் இல்லை: நர்ஸ் இன்னொரு மோசமான பேஷண்ட்டிடம் இருந்தார். எல்லாரும் "மற்றவை"யை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். ரிவ்யூ மீட்டிங்கில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டது அந்த ஒற்றை விரல் சீனியர் சிஸ்டர்தான். முதலில் "அது பேஷண்ட் சம்பந்தப்பட்ட காரணம் இல்லையே மேடம்" என்றார்கள். பேஷண்ட் சம்பந்தப்பட்டதுதான், பக்கத்துப் பேஷண்ட் என்றார். அடுத்த அப்டேட்டில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்த மாதமே அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம் அதுதான், அதிலும் நைட் டியூட்டியில். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. முதல் டோஸ் விஷயத்தையும் கூடவே எழுதிக் கொடுத்தோம், அது "செட்டிங்ஸ்" என்று மேலே போயிருக்கிறது.